ஆற்றங்கரைக்கு வீட்டைப் பெயர்ப்பவர்

திருவனந்தபுரத்தில் காணக்கிடைக்கும் குடும்பத்தலைவர் வகைகளுள், வெளிநாட்டுப் பரிமாற்ற மாணவர் ஒருவரைத் தம் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டு, அப்பிள்ளைக்கு ஆற்றங்கரைக் கூடாரவாசத்தைக் காட்டியே தீருவது என்று ஒரு சனிக்கிழமை காலையில் புறப்படுபவர் தனித்த ஆய்வுக்குரியவர். பரிமாற்ற மாணவர் என்போர் பள்ளிப் பருவத்தில் அயல்நாட்டுக் குடும்பமொன்றில் தங்கி, அங்குள்ள பள்ளியிலேயே சில மாதங்களோ ஓராண்டோ படிப்பவர்கள். முதல் உலகப்போரில் பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பான ஏ.எஃப்.எஸ்., அடுத்த போரும் முடிந்த பின்னர், பிற நாட்டார் வீட்டில் உண்டு வளர்ந்த பிள்ளைகள் சண்டைக்கு எளிதில் கிளம்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு 1947 முதல் மாணவர்களைக் கடல் கடந்து வரவழைக்கத் தொடங்கியது. ரோட்டரி சங்கங்களும் இதே பணியைச் செய்துவருகின்றன. ஏற்கும் குடும்பத்துக்கு இதில் ஊதியம் கிடையாது, பொறுப்பு மட்டுமே உண்டு. நம்மவரோ அந்தப் பொறுப்பைக் கொடுத்த அளவுக்கும் மேலாகவே எடுத்துக்கொள்கிறார்.

இவ்வகையினரின் முதிர்ந்த மாதிரியைக் கரமனைத் தமிழ் அக்ரகாரத்தில் காணலாம். தெருவுக்கு மிக அருகிலேயே கரமனையாறு ஓடுகிறது. அவருடைய பாட்டனார் விடியுமுன் அதில் முங்கிக் குளித்தவர். பேரனுக்கு அதே ஆற்றின் நீர் அருவிக்கரை அணையில் தேக்கப்பட்டு, சுத்திகரிக்கப்பட்டு, குழாய் வழியே குளியலறைக்கு வந்துவிடுவதாலும், நகரக் கழிவு கலந்த ஆற்றில் இப்போது கால் நனைக்க யாரும் துணிவதில்லையாதலாலும், அவர் ஆற்றைப் பார்ப்பது பேருந்து பாலத்தைக் கடக்கும்போது மட்டுமே. ஆகவே, ஆறு என்பதைக் காட்டுவதற்கு அவர் நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி அடிவாரத்துக் கல்லாறு வரை வண்டி பிடிக்க வேண்டியிருக்கிறது.

காட்டுக்குள் இரவு தங்க வனத்துறையின் அனுமதி வேண்டுமென்பதால், கரையோரத் தங்குமனை ஒன்றின் முற்றம் கூடாரத்துக்கென அமர்த்தப்படுகிறது. கூடாரவாசத்தின் சாரம் குறைந்த பொருள்களோடு வாழ்தல் என்று மாணவரின் நாட்டில் கருதப்பட, இங்கே வண்டியில் ஏறுவன: இரண்டு ஜமக்காளம், குக்கர், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, தயிர்சாதம், வடுமாங்காய், ஏத்தங்காய் வறுவல், பதிமுகம் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீர், கொசுவத்தி, அட்டைக்கு உப்பு, உப்பு போதாவிட்டால் என்று இன்னும் கொஞ்சம் உப்பு. அட்டைக்குக் கொண்டுபோன உப்பில் பெரும்பகுதி இரவில் நீர்மோருக்குப் போய்விடுவதையும் ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிறு வயது முதல் கூடாரம் அடித்துப் பழகிய அந்தப் பிள்ளை, ஒருவரும் உதவாதிருந்தால் கால்மணி நேரத்தில் முடித்திருக்கக்கூடிய வேலை, குடும்பத்தலைவரும் மைத்துனரும் வண்டியோட்டியும் தங்குமனைக் காவலாளியும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்து யோசனை சொல்வதால் பொழுது சாயும்வரை நீள்கிறது. பிறகு மேற்கே ஒரு முகில் தென்பட்டதும், "பிள்ளைக்கு ஜலதோஷம் பிடிச்சா அவா அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?" என்ற வினா எழ, மாணவர் அறைக்குள் கட்டிலுக்கு மாற்றப்படுகிறார்; கூடாரத்தில் குக்கரும் எச்சில் பாத்திரங்களும் அன்றிரவைக் கழிக்கின்றன.

மறுநாள் காலைதான் நம்மவரின் அறிவு முழுமையாக வெளிப்படும் தருணம். வாமனபுரம் ஆற்றின் துணையாறான கல்லாறு, உருண்டு மழமழத்த பாறைகளுக்கிடையே தெளிந்து ஓடுவது. தெளிவினாலேயே ஆழம் குறைவாகத் தோன்றி ஏமாற்றுவது. கரையில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் பெய்த மழையால் திடீரென நீர் பெருகக்கூடியது. ஆதலால் அவருடைய அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், முந்தின நாள்தான் ஆற்றின் பெயரைக்கூட ஓட்டுநரிடம் கேட்டறிந்தவர், இப்போது பாறையின் வழுக்கல், சுழியின் போக்கு, மலைவெள்ளத்தின் குணம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் நெடுநேரம் விளக்கியபின், "முட்டுக்கு மேல ஜலம் கூடாது, கேட்டியா" என்று தமிழில் தீர்ப்பளிக்கிறார். நீந்துவதில் தேர்ச்சி பெற்ற மாணவர் பணிவோடு முழங்காலளவு நீரில் நிற்கிறார். அவருக்குக் காவலாக, வேட்டியை மடித்துக் கட்டி, தோர்த்துத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, குடும்பத்தலைவரும் இறங்குகிறார். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு பாறையிடுக்கில் இடுப்பளவு என்று அவருடைய காவல் படிப்படியாக ஆழம் காண்கிறது.

சற்று நேரத்தில் மாணவர் கரையேறித் தலை துவட்டி, இட்லியின் இரண்டாம் சுற்றையும் முடித்துவிட, கண்ணை மூடிக் கழுத்தளவு நீரில் அமர்ந்திருப்பவரை நோக்கி மாமியின் குரல் கரையிலிருந்து எழுகிறது: "ஏன்னா, பிள்ளை எப்பவோ ஏறி வந்தாச்சு. நீங்க அங்க யாருக்குக் காவல் இருக்கேள்?"