பழைய வீட்டுத் திண்ணை

கேள்வி: செயற்கைக்கோள் இணையத்தை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டோம். போனில் எல்லாம் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு பக்கமும் திறக்கவில்லை. ஏன்?

பதில்: வீடு மாறிவிட்டீர்கள், கடிதங்கள் இன்னும் பழைய வீட்டுத் திண்ணைக்கே போகின்றன. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஏறக்குறைய அரை நொடி. அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் ப்ராக்ஸி என்ற இடையாளை அமர்த்தினார்கள். நல்ல உழைப்பாளி! இப்போது அவர் இல்லை. கம்ப்யூட்டரில் உள்ள பிரவுசர் மட்டும் இன்னும் அவர் வாசலில் காத்து நிற்கிறது. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதில் ப்ராக்ஸி என்று போய், 'மேனுவல்' அமைப்பை அணைத்துவிடுங்கள். அலுவலக லேப்டாப்பில் மட்டும் கைவைக்காதீர்கள். அங்கே ப்ராக்ஸியை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள்.