ரயர் மாத்தியாச்சோ?

நவம்பர் பிறந்துவிட்டால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழர்கள் ஒருவரையொருவர் சுகம் விசாரிப்பதில்லை. கோயில் வாசலில், மரக்கறிக் கடை வரிசையில், செத்தவீட்டில்கூட ஒரே கேள்விதான்: "ரயர் மாத்தியாச்சோ?" மாற்றிவிட்டேன் என்றால், "எவ்வளவு குடுத்தனீர்?" என்பது அடுத்தது. நீங்கள் என்ன தொகை சொன்னாலும், "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்று பதில் வரும். மாற்றவில்லை என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் ஓரடி பின்னுக்கு நகர்ந்து, பின்சீற்றில் இருக்கும் உங்கள் பிள்ளைகளைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் பனிக்காலத்துக்கான வின்ரர் ரயர் கட்டாயமில்லை என்பதுதான். ஐந்தாறு மணித்தியாலம் கிழக்கே ஓடினால் கியூபெக் மாகாணத்தின் மொன்றியல். அங்கே 2008 முதல் சட்டம் இருக்கிறது. இப்போதைய விதிப்படி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, கியூபெக்கில் பதிவான காருக்கு வின்ரர் ரயர் போட்டே ஆகவேண்டும். ஆகையால் மொன்றியல் சித்தப்பா வீட்டில் இதைப்பற்றி யாரும் கதைப்பதில்லை. சட்டம் சொன்னது, போட்டார்கள், தேத்தண்ணி குடித்தார்கள். எங்கள் மாகாணமோ முடிவைக் குடும்பங்களிடம் விட்டுவிட்டது. ஒரு முடிவைத் தமிழ்க் குடும்பத்திடம் விட்டால் என்ன நடக்கும் என்பதைச் சட்டசபையில் இருந்த ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் செய்த ஒரே உபகாரம், வின்ரர் ரயர் போடுகிறவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்கவேண்டும் என்று 2016 ஜனவரி முதல் கம்பனிகளைக் கட்டாயப்படுத்தியது. கழிவு பெரும்பாலும் 5 வீதத்துக்குள்தான். ஆனால் "கழிவு" என்ற சொல்லைக் கேட்ட பிறகு எங்கள் ஆட்கள் எதையும் வாங்காமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை.

எங்கள் வீட்டில் எதிர்க்கட்சித் தலைவர் பெரியத்தான். அவரிடம் நாலு சில்லும் இழுக்கும் பெரிய ஜீப் ஒன்று இருக்கிறது. "தம்பி, எனக்கு உந்த ரயர் விளையாட்டெல்லாம் தேவையில்லை. நாலு சில்லும் இழுக்குது" என்பார். இழுக்கிறது என்பது உண்மை. சிவப்பு விளக்கு பச்சையானதும் எல்லோரையும் முந்திக்கொண்டு போவார். ஆனால் அடுத்த சிவப்பு விளக்கில் நிற்பதற்கு அவரிடம் இருப்பதும் என்னிடம் இருக்கும் அதே நாலு பிறேக்தான். சின்னக் காருக்கும் பிறேக் நாலு சில்லிலும்தான் பிடிக்கும். பிறேக் சில்லைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது ரயர், வீதியைத் தொடும் உள்ளங்கை அளவு றப்பர். இதை அவருக்கு விளக்கப் போனால், "உமக்கு ஜீப் வாங்க வசதியில்லை எண்டு சொல்லும்" என்று விஷயத்தை முடித்துவிடுவார்.

ஆளும் கட்சி என் மனைவி. அவருடைய கொள்கை விளக்கம் ஒரே வரியில் அடங்கும்: "நிப்பாட்டத் தெரியாட்டி ஏன் வெளிக்கிடுவான்?"

நடுநிலைமை வகிப்பவர் மாமா. எண்பதுகளின் நடுவில் கனடாவுக்கு வந்து, இரவிரவாகப் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தவர். "அப்ப எந்த வின்ரர் ரயர்? ரயர் எண்டால் ரயர். ஓடினனாங்கள்தானே?" என்று நெஞ்சை நிமிர்த்துவார். அந்த நேரம் பார்த்து மாமி குசினிக்குள் இருந்து, கார் எந்தெந்தப் பள்ளத்துக்குள் போனது, யார் யார் வந்து இழுத்துவிட்டார்கள் என்று ஊர் பேர் சொல்லி விரல் மடக்கத் தொடங்குவார். மாமா தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார்.

ரொறன்ரோ ஆட்களின் பனி வீரத்தைப்பற்றி மற்ற மாகாணத்தவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. 1999 ஜனவரியில் ஒரு மீற்றருக்கு மேல் பனி கொட்டியபோது மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். முழுக் கனடாவும் அதைச் சொல்லிச் சிரித்தது, இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. ஊரில் இராணுவத்திடம் இருந்து தப்பி வந்த எங்களில் பலருக்கு மட்டும், இராணுவம் வந்து பனி அள்ளிக் கொட்டிவிட்டுப் போன காட்சி வேறு விதமான அதிசயமாக இருந்தது.

சரி, அந்த ரயரில் அப்படி என்னதான் இருக்கிறது? நவம்பரில் குசினித் தட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் பாருங்கள். ஊரில் ஊற்றினால் ஓடிய அதே எண்ணெய் இங்கே கரண்டி போட்டுக் கிண்டினால்தான் வரும். சாதாரண ரயரின் றப்பரும் அப்படித்தான். ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே போகப்போக அது விறைத்து, வீதியைப் பிடிக்கும் குணத்தை இழந்துகொண்டு போகும். பனி விழுந்தால்தான் என்றில்லை. காய்ந்த வீதியிலும் குளிர் தன் வேலையைக் காட்டும். வின்ரர் ரயரின் றப்பர் அந்தக் குளிரிலும் நெகிழ்வாக இருக்கும்படி கலக்கப்பட்டது. அதன் முகம் முழுவதும் பிளேட்டால் கீறினதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள். அவை பனியைக் கவ்விப் பிடித்துத் தங்களுக்குள் அடக்கிவைத்துக்கொள்ளும். மழைக்குச் செய்த ரயர் தண்ணீரை வெளியே தள்ளப் பார்க்கும். இது பனியை வெளியே விடாது. ஏனென்றால் பனியை நன்றாகப் பிடிப்பது பனிதான். ரயரில் வீதிப் பனியை ஒட்டிக்கொண்டே வீதிப் பனியில் ஓடுவது என்ற யோசனை யாருக்கு முதலில் வந்ததோ, அவருக்கு ஒரு கும்பிடு.

ஐஸ் வேறு சங்கதி. அதன்மேல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் வழுக்குவது. ஜப்பானில் ஒருகாலத்தில் ஆணி பதித்த ரயர்களைத்தான் போட்டார்கள். ஆணிகள் வீதியையே அரைத்து, வடக்கு நகரங்களில் தூசு கிளம்பி, ஆட்கள் பனிக்காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கவேண்டி வந்தது. 1990இல் ஆணி ரயருக்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்தார்கள். அதற்குச் சற்று முன்னர், 1988இல், பிறிட்ஜ்ஸ்ரோன் கம்பனி பிளிசாக் என்ற ரயரைக் கொண்டுவந்தது. அதன் றப்பர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். ஐஸின் மேலிருக்கும் தண்ணீரை அவை உறிஞ்சிக்கொள்ளும். ஒன்ராறியோவின் தெற்குப் பகுதியிலும் ஆணி ரயருக்கு அனுமதி இல்லை, வடக்கே குடியிருப்பவர்கள்தான் போடலாம். மாமாவுக்கு இது தெரிந்த நாளிலிருந்து ஆணி ரயர்தான் வேண்டும் என்று நிற்கிறார்.

இனி மறுபக்கம். இந்த ரயர் சும்மா எதையும் தருவதில்லை. பெறாமகன் ஒருத்தன் இருக்கிறான், கார்ப் பைத்தியம். "சித்தப்பா, ஸ்ரியறிங்கைத் திருப்பினால் கார் யோசிச்சிட்டெல்லே திரும்புது" என்று முறைப்பாடு சொல்வான். அவன் சொல்வது சரிதான். றப்பர் மென்மை, கட்டைகள் உயரம், அவற்றுக்குள்ளே ஆயிரம் வெட்டு. காய்ந்த வீதியில் வேகமாக வளைத்தால் அந்தக் கட்டைகள் நெளியும்; கார் ஒரு கணம் பிந்தித்தான் கேட்கும். வெயில் ஏறிய ஏப்ரலில் பிறேக் அடித்தால் சாதாரண ரயரைவிடக் கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நிற்கும். நெடுஞ்சாலை 401இல் ஒரு இரைச்சல் கேட்கும். பெற்றோலும் சிறிது கூடக் குடிக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் நான் காரை எடுப்பது பலசரக்குக் கடைக்கும், மகளின் மிருதங்க வகுப்புக்கும், மகனின் கணக்கு வகுப்புக்கும். இந்த மூன்றுக்கும் நடுவில் வளைவைக் கிழித்துக்கொண்டு திரும்பவேண்டிய அவசரம் ஒருநாளும் வந்ததில்லை. கணக்கு வகுப்புக்குப் பிந்திப் போவதை மகன் ஆதரிக்கவும் செய்கிறான்.

கையாளும் சுகத்தைவிடப் பெரிய நட்டம் இடம். ஒரு காருக்கு எட்டு ரயர். நாலு ஓடும், நாலு தூங்கும். தூங்குகிற நாலும் எங்கள் நிலக்கீழறையில், சம்பா அரிசி மூட்டைக்கும் மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த அம்மிக்கும் நடுவில். றப்பர் நாற்றம் போக மாமியார் சாம்பிராணி போடுகிறார். வெள்ளிக்கிழமைகளில் கீழே இறங்கினால் ரயருக்குப் பூசை நடக்கிறதோ என்று சந்தேகம் வரும். மாடிக்குடியிருப்புக்காரர் பாவம். கராஜ்காரரிடம் வாடகைக்கு வைக்கவேண்டும். மனிதருக்கே வாடகை கொடுத்து மாளாத ஊரில் ரயருக்கும் வாடகை.

கராஜில் நாள் எடுப்பது அதைவிடக் கஷ்டம். ஒக்டோபர் முழுவதும் கராஜ்காரத் தம்பி சும்மா இருந்து கைபேசி பார்ப்பார். முதல் பனி விழுந்த காலையில் முழு ஸ்காபரோவும் ஒரே நேரத்தில் அவரை அழைக்கும். அன்றைக்கு அவரோடு சொந்தம் கொண்டாடும் ஆட்களின் தொகையை அவருடைய கலியாணத்திலும் கண்டிருக்கமாட்டார். போன வருடம் ஒருவர், "நான் உங்கடை அம்மாவோடை படிச்சனான்" என்று தொடங்க, "அண்ணை, அப்ப அம்மாட்டையே மாத்துங்கோ" என்று தம்பி வைத்துவிட்டாராம். அந்தக் கோபத்துக்கு நடுவிலும் அவர் ஒரு புத்தி சொல்வார்: மாற்றி நூறு கிலோமீற்றர் ஓடியதும் வந்து நட்டுகளை ஒருதரம் இறுக்கிப் பாருங்கோ. பற்றுச்சீட்டின் அடியிலும் அதைப் பொடி எழுத்தில் போட்டிருக்கும். வருகிறவர் அபூர்வம்.

எங்கள் சிக்கனம் கண்டுபிடித்த ஒரு தந்திரம் உண்டு: இரண்டே இரண்டு வாங்கி, இழுக்கிற முன்சில்லுக்கு மட்டும் போடுவது. தயவுசெய்து வேண்டாம். முன்பக்கம் வீதியைப் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் காரின் வால் உங்களை முந்திக்கொண்டு வரும். அடுத்தது, "மச்சான்ரை மச்சான்" விற்கும் பாவித்த ரயர். வாங்குமுன் பக்கச் சுவரைக் குனிந்து பாருங்கள். டொட் (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 3814 என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் கிழமையில் செய்தது. அதை "கிட்டத்தட்டப் புதுசு" என்று விற்கிறவர் உறவுக்காரராகத்தான் இருக்கமுடியும்.

மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட சின்னத்தையும் தேடுங்கள். ஆனால் அதைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு காசை எடுக்கவேண்டாம். அந்தச் சின்னத்துக்கு வைக்கும் பரீட்சை, இறுகிய பனியில் ரயர் எவ்வளவு நன்றாக இழுத்துக்கொண்டு புறப்படுகிறது என்பதுதான். நிற்பதற்கு மார்க் இல்லை. ஐஸுக்கும் மார்க் இல்லை. பெரியத்தானே உட்கார்ந்து பரீட்சைத் தாள் தயாரித்ததாகத்தான் எனக்குப் படுகிறது. வருடம் முழுவதும் கழற்றாமல் ஓடலாம் என்று விற்கும் ஒல்-வெதர் ரயர்களிலும் இதே சின்னம் இருக்கும். சனிக்கிழமை கோயிலுக்கு மட்டும் காரெடுக்கிற, பனி கொட்டினால் வீட்டில் இருக்கக்கூடிய ஆளுக்கு அது தாராளமாகப் போதும். விடியப்புறம் ஐந்து மணிக்கு வேலைக்கு வெளிக்கிடுகிறவருக்கும் பரி நகருக்குப் போய்வருகிறவருக்கும் போதாது என்பதே என் எண்ணம்.

கடைசியில் காசுக் கணக்கு. நடுத்தரக் கார் ஒன்றுக்கு நாலு ரயரும் இரும்பு றிம்மும் சேர்த்துச் சுமார் ஆயிரத்துச் சொச்சம் டொலர். மாற்றுக்கூலி வருடம் இரண்டு தடவை. ஆனால் பனிக்காலம் முழுக்க மற்ற நாலும் தேயாமல் தூங்குகின்றன என்பதால், ரயர்க் காசில் பெரும்பகுதி எப்படியும் கொடுக்கவேண்டிய காசுதான். மேலதிகச் செலவு என்று மிஞ்சுவது றிம்மும் கூலியும் சாம்பிராணியும்.

இதற்கு எதிரே ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒன்ராறியோவில் விபத்தில் யாருடைய பிழை என்று தீர்மானிக்க ஒரு விதிமுறை இருக்கிறது. பின்னாலிருந்து போய் இடித்தால் பிழை முழுவதும் இடித்தவருடையது. அதே விதிமுறையில் இன்னொரு வரி: வானிலையும் வீதியின் நிலையும் கணக்கில் எடுக்கப்படமாட்டா. வெளியே முழங்காலளவு பனி இருக்கலாம், வீதி முழுக்க ஐஸாக இருக்கலாம். காப்புறுதிக்காரரின் கோப்பில் அன்றைக்கு நல்ல வெயில். பலருடைய ஒப்பந்தத்தில் தங்கள் காரைத் திருத்த முதலில் கையிலிருந்து கட்டவேண்டிய தொகையே ஆயிரம் டொலர். அடுத்த வருடங்களில் ஏறப்போகும் கட்டணம் அதற்கு மேல். ஒரே ஒரு சிவப்பு விளக்கில் ஒரு கார் நீளம் முன்னதாக நின்றுவிட்டால் நாலு ரயரின் விலையும் திரும்பி வந்துவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு, வாங்குங்கள். நாலும் வாங்குங்கள், றிம்மோடு வாங்குங்கள், ஒக்டோபரிலேயே கராஜில் நாள் குறியுங்கள். கடைசிச் சனிக்கிழமை காலை ஒன்பது மணியை மட்டும் விட்டுவிடுங்கள். அது பெரியத்தானுக்கு நான் இரகசியமாக எடுத்து வைத்திருக்கும் நேரம். அக்கா காசு தந்துவிட்டார்.