அட்டவணை அண்ணன்

200 கிலோமீட்டர் ப்ரெவே, அதாவது கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்த அன்றைக்கே அண்ணன் லேப்டாப்பைத் திறந்துவிடுவார். விதிப்படி கெடு 13 மணி 30 நிமிடம். மணிக்கு 15 கிலோமீட்டர் ஓட்டினால் போதும், முடித்துவிடலாம்.

"அதெல்லாம் மத்தவங்களுக்குத் தம்பி. நமக்கு ஆவரேஜ் 25. காலைல 5 மணிக்குத் திருவான்மியூர்ல கிளம்பறோம், 1 மணிக்கு வீட்ல மீன்குழம்பு."

மீன்குழம்புக்கும் எக்செல்லில் தனி வரி உண்டு.

அந்தத் தாளை லேமினேட் செய்து ஹேண்டில்பாரில் ஒட்டியிருப்பார். கோவளம் 6.07. மாமல்லபுரம் 6.54. டீ 4 நிமிடம். பஞ்சருக்கு வரி இல்லையே என்றால், "புது டயர் தம்பி" என்பார். டீயில் போன 4 நிமிடத்தை அடுத்த இறக்கத்தில் ஈடுகட்டிவிடுவாராம். ஈசிஆரில் இறக்கத்துக்கு எங்கே போவார் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்.

தை மாதம். வாடை முதுகில் கைவைத்துத் தள்ள, வண்டி 30-இல் பறந்தது. "கால் பேசுது பார்த்தியா?" என்றார். பேசியது காற்று.

கடப்பாக்கம் தாண்டித் திரும்பும் இடத்தில் ப்ரெவே அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு டீக்கு நின்றோம். கிளாஸ் கொதித்தது. ஒரு கண் வாட்சில், ஒரு கண் டீயின் ஆடையில். ஊதினார், உறிஞ்சினார், நாக்கைச் சுட்டுக்கொண்டார். 4 நிமிடம் முடிந்தபோது முக்கால் கிளாஸ் பாக்கி. அதற்குள் சட்டியில் பஜ்ஜி விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் 35 நிமிடம் வாட்சைப் பார்க்கவே இல்லை.

திரும்பினால், அதே வாடை முகத்தில்.

"கவலைப்படாதே. போறப்ப 30, வர்றப்ப 20. கூட்டிப் பாதியாக்கினா 25 தானே?"

இல்லை அண்ணே. போக 3 மணி 20 நிமிடம், வர 5 மணி நேரம். மொத்தம் 8.20. ஆவரேஜ் 24. மெதுவாக ஓட்டுகிற பாதியில்தான் அதிக நேரம் வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறோம். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல மூச்சில்லை என்பதும் காரணம். அந்த 20-ம் கைகூடவில்லை. மீட்டர் 16-ஐக் காட்டியது. கல்பாக்கம் அருகே புது டயர் வேறு பஞ்சர்.

மாலை 5.40-க்கு வந்து சேர்ந்தோம். கெடுவுக்கு இன்னும் 50 நிமிடம் இருந்தது. மீன்குழம்பு ஃப்ரிட்ஜுக்குப் போயிருந்தது.

அன்றிரவே வாட்ஸ்அப்பில் வந்தது: "அடுத்த 300-க்கு ஷீட் ரெடி. ஆவரேஜ் 25. டீ 6 நிமிடம் ஆக்கிட்டேன்."