கேமராவை உண்டியல் பக்கம் திருப்பு கண்ணு

உக்காரு கண்ணு. அந்தக் குச்சியைக் கீழ வை. செல்ஃபி குச்சியாமா அது? மாடு ஓட்டத்தான் கிளம்பிட்டயோன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுட்டேன். தருமத்துக்குப் பணம் சேர்க்கக் கன்னியாகுமரியில இருந்து காசுமீரம் வரைக்கும் நடக்கப் போறயாம்ல? பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கே வண்டியை முறுக்கிக்கிட்டு வர்ற பையன் நீ. அதைக் கேட்டதுல இருந்து எனக்குத்தான் முழங்கால் வலிக்குது.

நம்ம கௌதள்ளியில இருந்து கன்னியாகுமரிக்கு எதுல போவே? பஸ்ஸு, அப்புறம் ரயிலு. அதாவது தெற்க உக்காந்துக்கிட்டே போய், இறங்கி, வடக்க நடந்து வருவே. மதுரை, சேலம்னு அந்த 44ஆம் நம்பர் ரோட்டுல தருமபுரி வந்தயின்னா உங்கம்மா பாலாறு, மேட்டூர் சுத்திக்கிட்டுத் தூக்குப்போசியோட வந்து நிப்பா. நீ அழுவே, அவளும் அழுவா, கூட வந்தவன் படம் பிடிப்பான். உன் சேனல்லயே அதைத்தான் ஜாஸ்தி பேரு பார்ப்பாங்க, எழுதி வெச்சுக்க. அதே ரோட்டுல 2019ல சூஃபியா கான்னு ஒரு பொண்ணு காசுமீரத்துல இருந்து கன்னியாகுமரிக்கு 87 நாள்ல ஓடியே வந்துருச்சு. அதனால தூரத்தைச் சொல்லி என்னை மிரட்டாத.

இதென்னமோ யூடியூப்காரங்க கண்டுபிடிச்ச வித்தையின்னு நினைச்சுக்காத. சிவராத்திரிக்கு முன்னாடி நம்ம ரோட்டுல நின்னு பாரு. கனகபுரம், மண்டியா பக்கத்து சனமெல்லாம் "உகே மாதப்பா"ன்னு கத்திக்கிட்டு, கால் கொப்புளத்துல துணி சுத்திக்கிட்டு மாதேஸ்வரன் மலைக்குப் போகுது. கம்சாளே தாளத்தைச் சுழட்டிக்கிட்டு மாதப்பன் கதை பாடி, வீட்டுக்கு வீடு பிச்சை வாங்கறதே வேண்டுதலா இருக்கற தேவரகுட்டருங்க நம்ம ஊருப் பக்கம் எத்தனை தலைமுறையா நடக்கறாங்க? நம்ம பொம்பளைங்க மடிப்பிச்சை எடுக்கறதில்லையா? சும்மா வந்து "தருமம் பண்ணுங்க"ன்னா ஒருத்தனும் மடியை அவுக்க மாட்டான். நீ வெயில்ல வதங்கணும், அதை அவன் நிழல்ல உக்காந்து பார்க்கணும். அப்பத்தான் கை பைக்குள்ள போகும். மனுசன் மனசு அப்படி, நான் என்ன பண்ணட்டும்?

இப்படி வதங்கிக் காசு சேர்க்கறதைச் சுத்தமாப் பண்ணினவன் கனடாவுல ஒரு பையன், டெரி ஃபாக்ஸ். புத்துநோய்ல ஒரு காலை எடுத்துட்டாங்க. கட்டைக்காலோட 1980 ஏப்ரல்ல கிழக்குக் கடல்ல காலை நனைச்சுட்டுக் கிளம்பினான். தினம் 42 கிலோமீட்டர். ஆரம்பத்துல சீந்த ஆளில்ல. 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்கு வந்ததும் தண்டர் பே ஊருக்கிட்ட நின்னுட்டான். அடுத்த வருசம் போயிட்டான் பாவம். நாட்டுல ஆளுக்கு ஒரு டாலர்னு கேட்டிருந்தான். கண்ணை மூடறதுக்குள்ள 2 கோடியே 41 லட்சம் டாலர் சேர்ந்துருச்சு. கம்பெனிக்காரன் "எங்க பேரைச் சொல்லு, காசு தர்றோம்"னு வந்தப்ப, விளம்பரத்துக்கு ஓடலைன்னு சொல்லிட்டான். நீ என்னடான்னா கிளம்பறதுக்கு முன்னாடியே பனியன்ல அஞ்சு கடை பேரை அடிச்சு வெச்சிருக்கே. அதுல ஒண்ணு பிரியாணிக் கடை.

உன்னை மாதிரி வீடியோக்காரன் ஒருத்தனும் இருக்கான், இங்கிலீசுக்காரன் ரஸ் குக். ஆப்பிரிக்காவைத் தெற்குக் கோடியில இருந்து வடக்குக் கோடி வரைக்கும் ஓடினான். 2023 ஏப்ரல்ல கிளம்பி 2024 ஏப்ரல்ல துனிசியாவுல போய் நின்னான். 240 நாள்ல முடிக்கிறேன்னு கிளம்பினவனுக்கு 352 நாள் ஆச்சு. அங்கோலாவுல துப்பாக்கியைக் காட்டிக் கேமரா, போனு, பாஸ்போர்ட்டு எல்லாம் புடுங்கிட்டாங்க. நைஜீரியாவுல முதுகு புடிச்சுக்கிச்சு. அல்ஜீரியா விசா கிடைக்கலைன்னு ஒரு வீடியோ போட்டான் பாரு, ஊரே கூச்சல் போட்டு எம்பசிக்காரங்களே விசா குடுத்துட்டாங்க. பத்து லட்சம் பவுண்டுக்கு மேல சேர்ந்துச்சு. அதனால கேமராவை நான் பழிக்கல. கேமரா இருந்தா விசாவே கிடைக்குது.

ஆனா உனக்கு நான் சொல்ல வந்தது வேற ஒரு கிழவன் கதை. இங்கிலாந்துக் கேப்டன் டாம் மூர். 2020ல கொரானா வந்தப்ப அவருக்கு 99 வயசு. நடைவண்டியைப் புடிச்சுக்கிட்டு, வீட்டுத் தோட்டத்துல 25 மீட்டரை நூறு தடவை நடக்கறேன்னாரு. ஆஸ்பத்திரிக்காரங்களுக்காகக் கேட்டது ஆயிரம் பவுண்டு. சேர்ந்தது 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல. நல்லாக் கேட்டுக்க. தோட்டத்தை விட்டே வெளிய போகல அந்த மனுசன். அந்தப் பணமும் ஆஸ்பத்திரி நிதிக்கு நேராப் போய்ச் சேர்ந்துருச்சு, ஒரு காசு சிந்தல.

சிந்தினது பின்னாடி. அவர் பேர்ல குடும்பம் ஓர் அறக்கட்டளை ஆரம்பிச்சுது. அவர் எழுதின புத்தகத்துக்குப் பதிப்பாளர் லட்சக்கணக்குல குடுத்த முன்பணம் தருமத்துக்குன்னு சனம் நினைச்சுது. அது போனது குடும்பக் கம்பெனிக்கு. அறக்கட்டளை பேரைச் சொல்லிக் கட்டட அனுமதி வாங்கி, கடைசியில உள்ள குளிக்கிற தொட்டி கட்டினாங்க. முனிசிபாலிட்டி சும்மா விடுமா? இடிக்கச் சொல்லிருச்சு. 2024 நவம்பர்ல அந்த நாட்டுத் தரும ஆணையம், மகளும் மருமகனும் திரும்பத் திரும்ப முறைகேடா நடந்துக்கிட்டாங்கன்னு அறிக்கையே விட்டுச்சு. கிழவர் நடந்ததுல ஒரு கோணல் இல்ல. பையை யார் புடிக்கறதுங்கறதுலதான் கோணிருச்சு.

இப்ப நீ சொல்லு. உன் பையை யார் புடிக்கறா? "என் கூகுள்பே நம்பர்தான் தாத்தா"ங்கறே. அதே நம்பர்ல போன மாசம் உன் சிநேகிதன் கோழி வாங்கின காசு வந்துச்சு, உங்கப்பன் பைக் தவணைக்குப் போட்ட காசும் வந்துச்சு. அதுக்குள்ள ஏழை வீட்டுக் காசும் வந்து விழுந்தா, எது எவன் காசுன்னு மாதப்பனே இறங்கி வந்தாலும் சொல்ல முடியாது. அதை விடு. நீ நடக்கற வீடியோவுக்கு யூடியூப்காரன் விளம்பரக் காசு தருவான் இல்ல, அது யாருது? பாரு, மோட்டுவளையைப் பார்க்கறே. உனக்குன்னா உனக்குன்னு சொல்லிரு. செருப்புக்கும் சோத்துக்கும் இதுலதான் எடுப்பேன்னு முதல் வீடியோவுலயே சொல்லிரு, ஒருத்தனும் கோவிச்சுக்க மாட்டான். சொல்லாம எடுத்தாத்தான் அந்தக் குளிக்கிற தொட்டி.

மாதேஸ்வரன் மலையில உண்டியல் எண்ணறாங்களே, பார்த்திருக்கயா? சாலூர் மடத்துச் சாமி உக்காந்திருப்பார், போலீசு நிக்கும், மேல கேமரா ஓடும். எண்ணி முடிச்சதும் கோடியில இருந்து சில்லறை வரைக்கும் பேப்பர்ல வந்துரும். புலி மேல சவாரி பண்ற சாமி காசுக்கே இத்தனை பேரு காவல்னா, மொபெட்டுல சவாரி பண்ற உனக்கு எத்தனை பேரு வேணும்? உன் கேமரா உன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருக்கு. அதைச் சித்த உண்டியல் பக்கம் திருப்பு. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி இன்னிக்கு வந்தது இவ்வளவு, போனது இவ்வளவுன்னு பேங்க்கு புஸ்தகத்தைக் காட்டு. மூஞ்சி அழகில்லாட்டியும் சனம் பார்க்கும்.

2024 ஏப்ரல்ல கேரளத்துல பண்ணிக் காட்டினாங்களே. சவூதி ஜெயில்ல 18 வருசமாக் கிடந்த கோழிக்கோட்டுக்காரர் உயிரை மீட்க விலை 34 கோடி ரூபா. நகைக்கடை பாபி செம்மண்ணூர் திருவனந்தபுரத்துல இருந்து காசர்கோட்டுக்கு யாசக யாத்திரை கிளம்பினார். தனியா ஒரு ஆப் வெச்சு, வந்த காசை வந்தபடி ஊருக்கே காட்டினாங்க. தொகை நிறைஞ்சதும் போதும்னுட்டாங்க. ரூபாய் வர வர "போதும்"னு சொல்றதுக்கு, கண்ணு, காசுமீரம் நடக்கறதை விடத் தெம்பு வேணும்.

நடக்காமலே பண்ணினவங்களும் உண்டு. புதுக்கோட்டை சின்னவீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனல்காரங்க வயக்காட்டுல அடுப்பு மூட்டிக்கிட்டு உக்காந்த இடத்துலயே ஒரு கோடி சந்தாதாரர் சேர்த்தாங்க. 2021 ஜூலையில முதலமைச்சர் கொரானா நிதிக்குப் பத்து லட்சம் குடுத்தாங்க. சொந்தச் சம்பாத்தியம், கேட்க ஆளில்ல. உனக்குச் சமைக்கத் தெரியாது, அதனால நட.

சரி, யாருக்குன்னு கேட்டா "ஏழைகளுக்கு"ங்கறே. எந்த ஏழைக்கு? காசுமீரம் போற வழியில பார்த்துக்கலாம்னா? இந்த மலைக்காட்டுக்குள்ள இருக்கற ஊருகள்ல பிள்ளைத்தாச்சிக்கு வலி வந்தா இன்னும் டோலி கட்டித் தூக்கிக்கிட்டு வர்றாங்க. சரணாலயக் காடு, ரோடு போடச் சுலபத்துல விட மாட்டாங்க. அவங்களுக்கு ஒரு ஜீப்புன்னு சொல்லு. ஜீப்பு விலை இவ்வளவு, டீசலுக்கு வருசத்துக்கு இவ்வளவு, டிரைவர் சம்பளம் இவ்வளவுன்னு எழுதி வை. ஒரு ஜீப்புன்னா சனத்துக்குக் கண்ணுக்குத் தெரியும். ஏழைகள்னா ஒருத்தருக்கும் தெரியாது, உன்னையும் சேர்த்து.

ரெண்டு சங்கதி, சீக்கிரம் சொல்லிர்றேன். உன் பேர்ல வாங்கினா குடுக்கறவனுக்கு வரிச்சலுகை கிடையாது. அதுக்குன்னு பதிவு இருக்கற டிரஸ்ட் மூலமா வாங்கு. ரொக்கமா ரெண்டாயிரத்துக்கு மேல குடுத்தாலும் சலுகை இல்ல. துபாய்ல இருக்கற உன் மாமன் சிநேகிதன், அந்த ஊரு அரபிக்கிட்ட வாங்கி அனுப்பறேன்னா வேண்டாம்னுரு. வெளிநாட்டுக்காரன் காசு வாங்க டெல்லியில அனுமதி வேணும், அதுக்குன்னே டெல்லி ஸ்டேட் பேங்க்குல தனிக் கணக்கு வேணும். அது இல்லாம வாங்கினா நீ ஜெயில்ல நடக்கற வீடியோதான் வரும்.

பையைப் புடிக்க நான் ஆள் பார்த்துட்டேன். ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் இருக்கார்ல, பேனா கடன் கேட்டா மூடியைத் தன் கையில வெச்சுக்கிட்டுக் குடுப்பாரே, அவரேதான். அன்னதானக் கணக்குல மூணு ரூபா இடிச்சுதுன்னு ராத்திரி பன்னண்டு மணிக்கு என்னை எழுப்பினவர். முகத்தைச் சுளிக்காத. உனக்கு அவரைப் புடிக்காதுன்னு தெரியும், அதனாலதான் சொல்றேன்.

என் பங்கு? எழுதிக்க. அனூரு தாண்டினா அம்பது. கொள்ளேகால் தாண்டினா நூறு. நீ கன்னியாகுமரியில இருந்து நடக்கறது, அந்தப் பக்கமே வர மாட்டேன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் இந்த ரேட்டு. இங்கயே தொடங்கறதா இருந்தா ஐநூறு இப்பவே தர்றேன். போஸ்ட்மாஸ்டர்கிட்ட ரசீது புக்கு இருக்கு, போய் வாங்கிட்டு வா. வண்டி வேண்டாம், நடந்தே போ.