உப்புக்காற்று குடிக்கும் வண்டி

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மண்ணெண்ணெய் வாசனை உண்டு. உப்பு வியாபாரத்துக்கென்று அப்பா வைத்திருந்த பழைய மகிந்திரா ஜீப்பின் பானெட்டைத் தூக்கி, ஏர் கிளீனரைக் கழற்றி, திண்ணையில் விரித்த செய்தித்தாளின்மேல் கொண்டுவந்து வைப்பார். கிண்ணத்து எண்ணெயை அவர் சாய்க்க, அடியில் களிம்பாகத் தேங்கியிருக்கும் ஒரு வாரத்து மண்ணை நான் குச்சியால் வழிக்க வேண்டும், கம்பி வலையை மண்ணெண்ணெயில் அலசி வெயிலில் காய வைக்க வேண்டும், பிறகு புது ஆயிலை உள்ளே போட்டிருக்கும் கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டாமல் ஊற்றும் பொறுப்பு என் கைக்கு வந்த அன்றுதான் நான் பெரிய பையன் ஆனேன்.

“உள்ள வர்ற காத்து எண்ணெ மேல மோதி சடார்னு மேல திரும்பும்டா. காத்து திரும்பிடும், மண்ணுக்குத் திரும்பத் தெரியாது, எண்ணெயில விழுந்துடும்” என்பார் அப்பா. ஆயில் பாத் ஏர் கிளீனரைப் பற்றி பிற்பாடு எத்தனையோ படித்தேன். அதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை.

மரக்காணத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், இங்கே காற்று சும்மா வராது. தை பிறந்து பாத்திகளில் நீர் விட்டு, வரப்பு மிதித்து, உப்பு பூக்கத் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் வெள்ளைப் பொடி கண்ணிமையில்கூட உட்காரும். அப்பா பானெட்டின்மேல் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் கொண்டல், கடல்காற்று. நறநறவென்றால் கச்சான், மேற்கேயிருந்து வந்த மண். அன்றைக்கு வண்டி எதைக் குடித்தது என்று அவருக்கு அப்படித்தான் தெரியும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார், மோட்டார் சத்தத்தைக் கேட்டே கிணற்றுத் தண்ணீரின் ஆழம் சொன்னவரோ, மாவைத் தொட்டே புளித்ததா என்று சொன்னவரோ.

போன மாதம் என் மகன் தன் ஸ்விஃப்டுக்குக் கோல்டு ஏர் இன்டேக் போட வேண்டும் என்றான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அடர்ந்த காற்றில் ஆக்சிஜன் அதிகம், ஆக்சிஜன் கூடினால் பெட்ரோலும் கூட எரிந்து வண்டி இன்னும் வேகமாக இழுக்கும் என்று படபடவென்று சொன்னான். அவன் கண்ணில் இருந்த வெளிச்சத்தை எனக்குத் தெரியும். 1992இல் அது என் கண்ணில் இருந்தது. முதல் மாருதி 800 வாங்கிய ஆண்டு அது. கார்புரேட்டருக்கு மேலே கறுப்புத் தட்டுபோல உட்கார்ந்திருக்கும் ஏர் கிளீனரிலிருந்து ஃபில்டரை எடுத்துவிட்டு, பிரம்மதேசம் வழியாகத் திண்டிவனம் வரைக்கும் சுமார் 35 கிலோமீட்டர் ஓட்டினேன். 796 சிசி எஞ்சின் சிங்கக்குட்டிபோல உறுமியது, சத்தம் கூடியதால் வேகமும் கூடியது என்றே நம்பினேன், அந்த நம்பிக்கையோடு ஒரு கோடை முழுக்க உப்பளச் சாலைகளில் திரிந்தேன். இரண்டு வருடத்தில் வண்டி நீலப் புகை விட்டது. மெக்கானிக் அண்ணன் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர் சுவரில் என் விரலைப் பிடித்து வைத்து, நீள நீளமான கீறல்களைத் தடவிக் காட்டினார். அப்பா பக்கத்தில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இப்போதும் எனக்கு வலிக்கிறது.

ஆகவே மகனோடு சென்னைக்குப் போனேன், ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு. கடை கடையாக ஏறி இறங்கினோம். கூம்பு வடிவ ஃபில்டர், பளபளக்கும் அலுமினியக் குழாய், கார்பன் ஃபைபர் பெட்டி. அழகாகத்தான் இருந்தன. மகன் சொன்ன கணக்கும் சரி: 35 டிகிரி காற்றைவிட 65 டிகிரி காற்று ஏறத்தாழ 9 சதவீதம் இலேசானது. ஆனால் திறந்த கூம்பைப் பானெட்டுக்குள் மாட்டினால், எஞ்சின் விடும் சூட்டையே எஞ்சின் திரும்பக் குடிக்கும். கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் குழாயோ முன் கிரில் பக்கம் மூக்கை நீட்டி வெளிக்காற்றைத்தான் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கிறது. மிஞ்சுவது பெரும்பாலும் சத்தம். அந்தச் சத்தத்தின் இனிமையை நான் மறுக்க மாட்டேன்.

நீண்ட குழாயைப் பம்பருக்குப் பின்னால் தாழ இறக்கும் வகை ஒன்று இருந்தது. நிஜமாகவே குளிர்ந்த காற்று அதற்குத்தான் கிடைக்கும். அதைத் தொட்டவுடன் எனக்கு 2024 நவம்பர் 30 நினைவுக்கு வந்துவிட்டது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த இரவு, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை, விடிந்து பார்த்தால் எங்கள் பாத்திகளும் வரப்புகளும் ஒரே ஏரி. அப்படிப்பட்ட தண்ணீரில் தாழ இறங்கிய மூக்கு ஒரு வாய் தண்ணீர் உறிஞ்சினால் போதும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இந்தக் கரையில் வண்டி வைத்திருப்பவன் அதைப் போடக் கூடாது.

கடைசியில் கையில் மிஞ்சியது எண்ணெயில் நனைத்த பருத்தி ஃபில்டர். கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே உட்காரும், கழுவிக் காயவைத்து எண்ணெய் பூசித் திரும்பப் போடலாம். எண்ணெய் ஒரு சொட்டு கூடினாலும் சில வண்டிகளில் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்துவிடும் என்றார் கடைக்காரர். எனக்குத் தொண்டை அடைத்தது. கிண்ணம், கோடு, திண்ணை எல்லாம் திரும்ப வரும்போலிருந்தது. வாங்கிவிடலாம் என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். முழு வீச்சில் 3000 சுற்றில் ஓடும் 1.2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1800 லிட்டர்போலக் காற்றை இழுக்கும். அத்தனையிலும் கலந்து வரும் நுண்பொடியை அடுக்கடுக்காக மடித்த சாதாரணக் காகித ஃபில்டர்தான் நன்றாகப் பிடிக்கும். உப்பளத்துக்கு அதுதான் சரி. புறநானூற்றில் ஔவையார் சொல்லும் உப்பு வணிகர்களான உமணர் மேட்டையும் பள்ளத்தையும் எண்ணி உப்பு வண்டிக்கு அடியில் சேம அச்சு என்னும் மாற்று அச்சைக் கட்டினார்கள். அவர்கள் வழியில் வந்த நாங்கள் எஞ்சினுக்கு ஒரு காகிதமாவது ஒழுங்காகப் போட வேண்டாமா?

மகன் முகம் வாடியது. ஆனாலும் ஒப்புக்கொண்டான். காகித ஃபில்டரைக் கழுவ முடியாது, பழசைத் தூக்கிப்போட வேண்டியதுதான். திண்ணையும் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. ஞாயிறு காலை போர்ட்டிகோவில் நிறுத்தி, கிளிப்புகளைத் தளர்த்தி, பெட்டியின் மூடியைத் திறந்து, சாம்பல் நிறத்தில் கிடந்த பழைய ஃபில்டரை அவன் வெளியே எடுத்தான். பெட்டியின் விளிம்பில் படிந்திருந்த பொடியை விரலால் தொட்டான். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை, அவன் தாத்தாவை அவன் பார்த்ததும் இல்லை. விரலை நாக்கில் வைத்தான்.

“கரிக்குதுப்பா” என்றான்.

“கொண்டல்” என்றேன்.