மருமவனும் மசியாத ஸ்டீயரிங்கும்

வாடா மருமவனே. காலையிலேருந்து டிராக்டர் ஸ்டீயரிங்கைக் கட்டிப்புடிச்சு இழுக்குறியே, எங்கக்கா மவனுக்கு இன்னும் ஒரு கண்ணாலம் பண்ணி வைக்காதது எங்க தப்புதான்.

மணி மீட்டர் ஓடலைன்னா மீட்டர் போர்டைக் கழட்டணும், போர்டு வரணும்னா ஸ்டீயரிங்கைக் கழட்டணும். சரி. ஆனா போன வாரம் வரைக்கும் அது செத்துக் கிடந்தது உனக்குத் தோதாத்தானே இருந்துச்சு? முக்கா மணி உழுதுட்டு ஒண்ணே கால்னு காசு வாங்குன. மக்காச்சோளக் காட்டுக்காரன் கைக்கடிகாரத்தோட வரப்புல வந்து குந்துனதும் ரோசம் வந்துடுச்சு. ஒண்ணு சொல்றேன் கேளு. உன்னுது கேபிள்ல ஓடுற பழைய மீட்டரு, எஞ்சின் சுத்துக்குத் தக்கனதான் மணி ஏறும். வண்டியை மெதுவா ஓடவிட்டுட்டு நீ டீக்கடையில அரை மணி நின்னா, அது அரை மணின்னு எழுதாது. நல்லா யோசிச்சுக்க.

யோசிச்சாச்சா? அப்ப மொதல்ல பேட்டரி மைனஸ் ஒயரை எடு. ப்ளஸ்ஸுல ஸ்பேனரை வச்சு அது பாடியில உரசுனா, ஐப்பசிக்கு முன்னாலயே தீவாளி. முன்சக்கரத்தை நேரா நிறுத்தி, தண்டுலயும் ஸ்டீயரிங்குலயும் சேர்த்து ஒரு கோடு போடு. இல்லைன்னா வண்டி பெரம்பலூருக்குப் போவும், ஸ்டீயரிங் ஆலத்தூரைப் பாக்கும்.

நட்டை ஏன்டா முழுசாக் கழட்டி ஜோப்புல போட்ட? ரெண்டு மரையாவது மாட்டி வை. இழுக்குற இழுப்புல பொசுக்குன்னு விட்டுச்சுன்னா நேரா மூக்குக்குத்தான் வரும். இருக்குற மூக்குக்கே பொண்ணு அமையல.

கீழ வை அந்தச் சம்மட்டியை! கூம்புத் தண்டு, அதுல பல்லு, மேல இத்தனை வருச மழை, சிமெண்டு லாரி கெளப்புன புழுதி. சாத்தனூர்க் கல்மரம் கணக்கா இறுகிக் கெடக்கு. தண்டு தலையில அடிச்சா மரை நசுங்கிடும், அடி உள்ள எறங்கி ஸ்டீயரிங் பாக்ஸ் பேரிங்கையும் பதம் பாக்கும். துரு இளக்குற எண்ணெயை ஊத்தி ராத்திரி பூரா ஊற விடு. காலையில பட்டறையில புல்லர் வாங்கியாந்து, அதோட காலை ஸ்டீயரிங்குக்கு அடியில கொடுத்து, நடு போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்கு. 'டக்'னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

பெரம்பலூர் மாவட்டத்துலேருந்து அரியலூரை 2001ல கழட்டுனாங்க. 2002ல திரும்ப மாட்டுனாங்க. 2007ல மறுபடியும் கழட்டுனாங்க. ஒரு மரை கெட்டுச்சா? சம்மட்டியாலயா அடிச்சாங்க?

என்ன, இப்பவே புல்லருக்குக் கெளம்பிட்டியா? போ, போ. போறப்ப அப்புடியே குனிஞ்சு எஞ்சின் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டுப் போ. மீட்டர் கேபிள் முனை கழண்டு தொங்குது. காலையில வந்தப்பவே பாத்தேன். நீயும் ஸ்டீயரிங்கும் அன்னியோன்யமா இருந்தீங்க, நடுவுல நான் எதுக்குன்னு விட்டுட்டேன்.