கடைசி வரிசைப் பக்கவாத்தியம்

சென்னை சபாக்களில் கச்சேரி வர்ணத்தில் தொடங்குவதில்லை; பாடகரின் ஆள்காட்டி விரலில் தொடங்குகிறது. விரல் மேலே போனால் மேடையிலுள்ள மானிட்டர் ஒலிபெருக்கியில் சத்தம் கூட வேண்டும் என்று பொருள். உடனே மிருதங்க வித்வானின் விரலும் உயரும். வயலின் வில்லும் அதே சேதியைச் சொல்லும். குறைக்கச் சொன்னவரைக் காண்பது அபூர்வம்.

கடைசி வரிசையில் மிக்சர் முன் இருக்கும் ஒலிப் பொறியாளர் பாவம். அவருடைய ஈக்வலைசரில் 31 அதிர்வெண் பட்டைகள். 20 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 20,000 வரை. காலி அரங்கில் அவர் அழகாகச் சமன் செய்து வைத்ததை, மாலையில் வந்து நிறையும் பட்டுப்புடவைகளும் சால்வைகளும் கலைத்துவிடும். உடலும் துணியும் மேல்ஸ்தாயி அதிர்வுகளை உறிஞ்சிக்கொள்ளும். ட்ரெபிளைக் கூட்டினால் வயலின் கீச்சிடும். பேஸைக் கூட்டினால் மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சை இடிக்கும், தம்புரா காணாமல் போகும். மைக் ஊளையிட்டால் மட்டும் சபையே திரும்பி அவரைப் பார்க்கும். அவருக்குக் கிடைக்கும் ஒரே சன்மானம் அது.

நாதச் சமநிலைக்கு மலிவான வைத்தியம் ஒன்று உண்டு: மொத்தச் சத்தத்தையும் குறைப்பது. அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். மேடையில் இருப்பவர்களின் சம்மதம் போதும். சந்தையில் கிடைக்காத சாமான் அது ஒன்றுதான்.